கீழ் வீட்டுக் காற்று

வாங்க, உள்ள வாங்க. செருப்பை அங்கயே விட்டுருங்க. அந்தச் சேர் வேண்டாமுங்க, கால் ஆடும். இப்படி சோபாவுல உக்காருங்க.

கல்யாண விசயமா வந்தேன்னு ஒரு வார்த்தை சொன்னீங்க பாருங்க, அதுக்கு மேல நீங்க சொல்லவே வேண்டாம். எனக்குப் புரிஞ்சுபோச்சு. கீழ் ஊட்டுப் பொண்ணைப் பத்தித்தான் விசாரிக்க வந்திருக்கறீங்க. உங்களுக்கு முன்னால ஈரோட்டுக்காரங்க வந்தாங்க. அப்பறம் தாராபுரத்துலேருந்து ஒரு பெரியவரும் அவர் மச்சினனும் வந்தாங்க. பொண்ணு எடுக்கறவங்க அக்கம்பக்கம் கேக்காம எடுப்பாங்களா? கேக்கோணும். அதுதான் முறை. நேர் மேல் ஊடு நாங்க. எங்களைக் கேக்காம வேற யாரைக் கேப்பீங்க?

எந்தூருங்க நீங்க? உடுமலைங்களா. நல்ல ஊரு. இருங்க இருங்க, நான் சொல்லி முடிச்சுடறேன், அப்பறம் நீங்க பேசுங்க. ஊட்டுக்காரி ருக்மணி கோயிலுக்குப் போயிருக்கறா. வந்ததும் காப்பி போடச் சொல்லறேன்.

மொதல்லயே ஒண்ணு சொல்லிப்போடறேன். அந்தப் பொண்ணைப் பத்தி நான் தப்பா ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஒரு பொண்ணோட வாழ்க்கை பாருங்க. எனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லுவேன், முடிவு உங்களுது. பேரு தாரணி. பிசியோதெரபி படிச்சுட்டு ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாக்குது. அப்பன் இல்ல. அம்மா வளர்மதி, ஸ்கூல் டீச்சரு. ரெண்டே பேருதான் ஊட்டுல. ஆம்பளைன்னு ஒருத்தன் கிடையாது. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, அப்பறம் வேணும்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். விசயம் என்னன்னா, எங்க பாத்ரூம் எக்சாஸ்ட் ஃபேன்.

என்னுங்க அப்படிப் பாக்கறீங்க? கல்யாணத்துக்கும் எக்சாஸ்ட் ஃபேனுக்கும் என்ன சம்பந்தம்னா? இருக்குதுங்க. அந்த ஃபேன் நின்னு போகாட்டி இந்தக் குடும்பத்தோட லட்சணம் எனக்கு இந்த ஜென்மத்துல தெரிஞ்சிருக்காது.

அதா, அங்க கதவு சாத்தியிருக்குது பாருங்க, அதுதான் பாத்ரூம். பையன் உள்ள இருக்கறான், வருவான். அந்தப் பாத்ரூமுக்குப் பின்னால ஒரு சந்து இருக்குது. டக்டுன்னு சொல்லுவாங்க. அடியிலேருந்து மொட்டை மாடி வரைக்கும் கெணறாட்டம் போகும். எங்க ஃபேன், அவங்க ஃபேன், எல்லா ஊட்டு ஃபேனும் அதுக்குள்ளதான் காத்தைத் தள்ளோணும். புரியுதுங்களா? நாங்க மேல, அவங்க நேர் கீழ.

போன ஐப்பசி மழையில எங்க ஃபேன் நின்னுபோச்சு. ஸ்விட்சைப் போட்டா உறுமுது, சுத்த மாட்டேங்குது. விளக்கமாத்துக் குச்சியில றெக்கையை ஒரு தள்ளு தள்ளிவிட்டா சுத்தும், மறுபடி ஆஃப் பண்ணிப் போட்டா உறுமும். சரி, பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். ஃபேன் நின்னது ஒரு நாளு. அதுக்கு மறுநாளே நாத்தம் ஆரம்பிச்சுருச்சு.

என்ன நாத்தம்னு கேளுங்க. சிகரெட்டு நாத்தம்.

பத்து வருசமா இந்த ஊட்டுல இருக்கறோம், ஒரு நாள் அப்படி ஒரு நாத்தம் கிடையாது. நான் கையில தொட்டதில்லீங்க. என்ற பையன் கௌரிசங்கர், அவனுக்குக் காப்பிப் பழக்கமே கிடையாது, அப்பறமில்ல சிகரெட்டு. ஆக, இத்தனை நாளா அந்த ஃபேன் சுத்தி அதை உள்ள விடாமத் தடுத்துட்டு இருந்திருக்குது. ஃபேன் நின்னதும் கீழேருந்து ஏறி உள்ள வந்துருச்சு. ஆம்பளையே இல்லாத ஊட்டுலேருந்து சிகரெட்டு நாத்தம் வந்தா அதுக்கு என்னங்க அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. இல்ல, நீங்க சொல்ல வேண்டாம். நான் அந்தப் பொண்ணைத் தப்பா பேச மாட்டேன்னு சொல்லியிருக்கறேன்.

நான் ஒண்ணும் ஆராயாமப் பேசற ஆளு கிடையாதுங்க. நேரத்தைப் பாத்தேன். காத்தால ஒருக்கா வருது, பொழுதோட ஒருக்கா வருது. காத்தால என்ற பையன் குளிக்கப் போற நேரம். பொழுதோட அவன் ஆபீசுலேருந்து வந்து முகம் கழுவற நேரம். பாவம், அவன் எப்பப் போறானோ அப்பப் பாத்துத்தான் கீழ அந்தப் புள்ள பத்த வெக்கும். வேணும்னே பண்ணற மாதிரி. நான் அவனைக் கேட்டேன், ஏண்டா, உனக்கு நாத்தம் தெரியலையான்னு. "கீழேருந்துதாம்ப்பா வருது, நானும் சொல்லலாம்னுதான் இருந்தேன்"னான். அவனா வாயைத் திறந்து யாரையும் குத்தம் சொல்லற ஆளே கிடையாது. அவனே சொல்லறான்னா பாத்துக்குங்க.

பையன் நல்ல பையனுங்க. சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம். ஆபீசுலேருந்து வந்தா நேரா பாத்ரூமு. அரை மணி நேரம் ஆகும் வெளிய வர. வந்தா வாய் நிறைய ஏலக்கா மணக்கும். முப்பத்திமூணு வயசாச்சு. மூணு வருசமாப் பொண்ணு பாக்கறோம், அமைய மாட்டேங்குது. இந்தக் காலத்துப் பொண்ணு ஊட்டுக்காரங்க பண்ணற ரவுசு கொஞ்சமா? ஜாதகம் நல்லாருக்குதும்பாங்க, அப்பறம் ஃபோனை எடுக்க மாட்டாங்க. என்ற ஊட்டுக்காரி இதை நெனச்சே பாதி உடம்பாப் போயிட்டா. சரி, அதை விடுங்க, அது எங்க தலையெழுத்து. நீங்க வந்த விசயத்தைப் பாப்போம். என்னமோ சொல்ல வந்தீங்களே? ஆகட்டும், ஆகட்டும், முடிச்சுடறேன்.

ஃபேனை யாரு பாக்கறது? எலெக்ட்ரீசியனைக் கூப்புடற வழக்கமே இந்த ஊட்டுல கிடையாதுங்க. கோயமுத்தூர்ல பொறந்துட்டு ஒரு சின்ன மோட்டாருக்கு ஆளைக் கூப்புட்டா அசிங்கம். நான் மோட்டார் பம்ப் கம்பெனியில இருந்து ரிட்டையர் ஆனவன். முப்பத்தஞ்சு வருசம். டெஸ்பாட்ச் செக்‌ஷன்தான், ஆனா என்னுங்க, என்ற கை படாம ஒரு மோட்டார் கேட்டைத் தாண்டினது கிடையாது. பெட்டியில வெச்சு ஆணி அடிக்கறவனுக்குத் தெரியாதா மோட்டாரைப் பத்தி?

மொதல்ல ஃபேனுக்குப் பின்னாடி இருக்கற பிளாஸ்டிக் மடல் ஒட்டிக்கிட்டிருக்குமோன்னு பாத்தேன். காத்து வந்தாத் திறக்கும், நின்னா மூடிக்கும், அந்த மடல். அதுல பொறா எச்சமும் தூசியும் கலந்து களிம்பாட்டம் இருந்துச்சு. சுரண்டி, மடலையே கழட்டி எறிஞ்சேன். சுத்தல. மெசின் எண்ணெய் விட்டேன். சுத்தல. அந்த ஓட்டையில பேப்பரைச் சுருட்டி அடைச்சேன், ஒரு காத்தும் கீழேருந்து வராத மாதிரி. அப்பவும் நாத்தம் வருதுங்க! ஓட்டையை அடைச்ச பின்னாலயும் உள்ள நாத்தம் வருதுன்னா அவ எவ்வளவு ஊதித் தள்ளியிருப்பான்னு பாருங்க. பேப்பரைத் துளைச்சுட்டு வருது.

இதுக்கு நடுவுல ஊட்டுக்காரிக்குத் தோள்பட்டை பிடிச்சுக்கிட்டு கை தூக்க முடியாமப் போச்சு. தலை பின்ன முடியாது, மேல இருக்கற டப்பாவை எடுக்க முடியாது. அந்தப் பொண்ணு அதைக் கேள்விப்பட்டு, தினம் டூட்டி முடிச்சு மேல வந்து ஆன்ட்டி ஆன்ட்டின்னு கையைப் பிடிச்சுவிடறதும், செவுத்துல விரலை ஏத்தச் சொல்லிக் குடுக்கறதுமா இருந்துச்சு. ஒத்தைப் பைசா வாங்கல. ஏன் வாங்கலைன்னு நான் யோசிக்க மாட்டனுங்களா? ஊட்டுக்குள்ள வந்து நோட்டம் பாக்கத்தான். எங்க ஃபேன் சரியாகுதா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான். அதுக்குத் தகுந்தாப்ல ஒரு நாள் கேக்குது, "அங்கிள், ஃபேன் உறுமற சத்தம் கீழ வரைக்கும் கேக்குது. கண்டன்சர் போயிருக்கும்னு நெனைக்கறேன். எங்க ஆஸ்பத்திரி எலெக்ட்ரீசியனை வரச் சொல்லட்டுமா?"ன்னு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். மோட்டார் கம்பெனிக்காரன்கிட்ட ஒரு சின்னப் புள்ள வந்து கண்டன்சர் நாயம் பேசுது. எனக்குத் தெரியும்மா, நீ ஆன்ட்டி கையைப் பாருன்னேன். ஆனா கண்டன்சர்தாங்க போயிருந்தது. அதை நானே அதுக்கு முன்னாலயே நெனச்சு வெச்சிருந்தேன்.

காந்திபுரத்துல போய் கண்டன்சர் வாங்கிட்டு வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, அடைச்ச பேப்பரை உருவிப்போட்டு, நானே மாட்டினேன். மூணு ஒயர் வரும். எது எதுல இருந்துச்சுன்னு கழட்டறப்பப் பாத்து வெச்சிருந்தேன், கீழ எறங்கி டெஸ்டரை எடுத்துட்டு மறுபடி ஏறினதுல கொஞ்சம் மறந்துபோச்சு. அதனால என்னுங்க, சுத்துனாப் போதாதா? ஸ்விட்சைப் போட்டேன். சுத்துச்சு பாருங்க! புதுசாட்டம். பையன் வந்து பாத்துட்டு, "நல்லா இருக்குதுப்பா"ன்னு போய்க் கதவைச் சாத்திக்கிட்டான்.

அங்கதாங்க உண்மையான கெரகம் ஆரம்பிச்சது.

ஃபேன் சுத்த ஆரம்பிச்ச பொறவு சிகரெட்டு நாத்தம் பாத்ரூமோட நிக்கல. கதவுக்கு அடியில பூந்து ஹாலுக்கு வருது. நீங்க உக்காந்திருக்கற இந்த சோபாவுக்கு வருது. சாமி படத்துக்கிட்ட வருது. அது மட்டுமா? கீழ ஊட்டுல என்ன நடக்குதுன்னு அத்தனையும் எங்க பாத்ரூமுக்குள்ள தெரியுது. டெட்டால் ஊத்தினாத் தெரியும். சாம்பிராணி போட்டாத் தெரியும். நான் பல்லு வெளக்கிட்டு நிப்பேன், அவங்க ஊட்டுல ரசம் தாளிக்கற வாசம் மூஞ்சியில அடிக்கும். இன்னைக்குப் பருப்பு ரசமா மொளகு ரசமான்னு நான் சொல்லிப்போடுவேன். நல்லாத்தான் தாளிக்கறாங்க, அதை நான் இல்லைங்கல. ஆனா என்ற பாத்ரூமுல எதுக்குங்க அவங்க ரசம்?

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. நான் ஃபேன் மாட்டினது தெரிஞ்சு, அவங்க அதை விடப் பெரிய ஃபேனா வாங்கி மாட்டியிருக்கறாங்க. எனக்குப் போட்டியா.

நேராப் போய்க் கேட்டேன். வாசல்ல நின்னே கேட்டேன், உள்ள போகல. அந்த டீச்சரம்மா கையெடுத்துக் கும்புட்டு, "இல்லீங்கண்ணா, நாங்க ஊட்டுக்குக் குடி வந்தப்ப மாட்டினதேதான் இருக்குது, வந்து பாருங்க"ங்குது. பாக்க மாட்டேன்னுட்டேன். பாத்தா இல்லைன்னு ஆயிடும், அதுக்கு அவங்க ஏற்பாடு பண்ணி வெச்சிருப்பாங்க. அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுங்களா? என்ற பின்னாலயே மாடி ஏறி வந்துருச்சு. "அங்கிள், ஒரு நிமிசம், ஃபேனுக்கு நேரா ஒரு பேப்பரைப் பிடிச்சுப் பாருங்க. வெளிய இழுத்தா பேப்பர் ஃபேன்ல ஒட்டிக்கும்"னு.

சரி, பாத்துருவோம்னு தினசரிக் காலண்டர்லேருந்து ஒரு தாளைக் கிழிச்சுப் பிடிச்சேன். ஒட்டுச்சுங்களா? எங்க ஒட்டுச்சு! பறந்து வந்து என்ற மூஞ்சியில அடிச்சுச்சு. இன்னொன்னு பிடிச்சேன். அதுவும் மூஞ்சியில. பாத்தியாம்மா, நீங்க கீழேருந்து தள்ளற வேகத்தைன்னேன். அந்தப் பொண்ணு கீழ விழுந்த தாளைக் குனிஞ்சு எடுத்துச்சு. "அங்கிள், உங்க ஃபேன்தான் திருப்பிச் சுத்துது. ஒயரை மாத்திக் குடுத்தாச் சரியாயிடும்"னு மெதுவாச் சொல்லுச்சு. அப்பறம் இன்னொன்னும் சொல்லுச்சு. "நான் சொல்லறதைத் தப்பா எடுத்துக்காதீங்க, சிகரெட்டு வாசம் எங்களுக்கு மேலேருந்துதான் வந்துட்டு இருந்துச்சு. நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான் அம்மா சொல்ல வேண்டாம்னுட்டாங்க"ன்னு.

கேட்டீங்களா எகத்தாளத்தை? என்ற ஊட்டுல நின்னுட்டு, என்ற ஃபேன் திருப்பிச் சுத்துதாம். என்ற ஊட்டுலேருந்து நாத்தம் வருதாம். வெளிய போம்மான்னேன். இனிமேல் ஆன்ட்டி கையைப் பிடிக்கறேன் காலைப் பிடிக்கறேன்னு இந்தப் படியில கால் வெக்கக் கூடாதுன்னேன். தலையைக் குனிஞ்சுட்டுப் போச்சு. ஊட்டுக்காரி என்கிட்ட ஒரு வாரம் பேசல. கை பாதிதான் சரியாயிருந்துச்சு, இன்னும் அந்தக் கை காதுக்கு மேல போக மாட்டேங்குது. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? மானம்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா?

அதோட விட்டா அவங்க அடங்குவாங்களா? நான் அடக்கினேன். பினாயிலைக் கலந்து பக்கெட்டு பக்கெட்டா டக்டுல ஊத்தினேன். அவங்க அந்தச் சந்துல கம்பி கட்டித் துணி காயப் போடுவாங்க, அந்தப் பொண்ணோட வெள்ளைக் கோட்டு ரெண்டு அதுல போச்சுன்னு வாட்ச்மேன் சொன்னான். பொழுதோட நாத்தம் வர்ற நேரம் பாத்து உலக்கையில தரையை இடிப்பேன். அசோசியேசன் மீட்டிங்குல எந்திரிச்சு, லேடீஸ் இருக்கற எடத்துல சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்லறேன்னு ஆரம்பிச்சுச் சொன்னேன். டீச்சரம்மா அங்கதான் உக்காந்திருந்துச்சு. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. தப்பில்லாதவங்களா இருந்தா உக்காந்து பதில் சொல்லோணுமா இல்லையா?

அப்பத்தான் ஈரோட்டுக்காரங்க வந்தாங்க. நல்ல மனுசங்க, இப்படியே இந்த சோபாவுலதான் உக்காந்தாங்க. பொண்ணு எப்படின்னு கேட்டாங்க. பொண்ணு நல்ல பொண்ணு, நல்ல படிப்பு, நல்ல வேலைன்னேன். பொய் சொல்லக் கூடாதில்லீங்களா? பொழுதானா டக்டுல புகை மட்டும் வரும், ஊட்டுல ஆம்பளை கிடையாது, அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னேன். போனாங்க. திரும்பி வரவே இல்லை.

அப்பறம் ஒரு அதிசயம் நடந்துச்சு. கௌரிக்கு ஹைதராபாத்துல டிரெய்னிங்னு ரெண்டு வாரம் போட்டாங்க. அவன் போன அன்னைக்கே நாத்தம் நின்னுபோச்சு! சுத்தமா நின்னுபோச்சு. ரசம் வந்துச்சு, சாம்பிராணி வந்துச்சு, சிகரெட்டு மட்டும் வரல. நான் ஊட்டுக்காரிகிட்டச் சொன்னேன், பாத்தியா, மீட்டிங்குல பேசினதுல பயந்துட்டாங்கன்னு. என்னமோ மாதிரி என்னைப் பாத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அவளுக்கு எப்பவும் நான் செயிச்சாப் பிடிக்காது. பையன் வந்து பெட்டியைக் கீழ வெச்சுட்டுப் பாத்ரூமுக்குப் போறான், மறுபடி ஆரம்பிச்சுருச்சு. கொஞ்ச நாள் அடங்கியிருந்துட்டு, என்ற பையன் மூஞ்சியைக் கண்டதும் மறுபடி பத்த வெச்சுட்டா. என்ன ஒரு கொழுப்பு இருந்தா அப்படிப் பண்ணத் தோணும்?

அந்த எரிச்சல்ல இருக்கறப்பத்தான் தாராபுரத்துக்காரங்க வந்தாங்க. அவங்ககிட்டயும் இதையேதான் சொன்னேன். கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல. மீட்டிங்குல பேசின விசயத்தையும் சேத்து ஒட்டுக்காச் சொன்னேன். பெரியவரு எந்திரிச்சுக் கையைப் பிடிச்சுக்கிட்டாரு, நல்ல வேளை சொன்னீங்கன்னு. நிச்சயத்துக்கு நாள் பாத்துட்டாங்களாமுங்க. கீழ ஊட்டுல பொண்ணுக்குப் பட்டுச் சேலை எடுத்தாச்சாம். நின்னுபோச்சு.

அதுக்கு அப்பறம் டீச்சரம்மா ஒரு நாள் மேல வந்துச்சு. நான் சண்டைக்குத்தான் வருதுன்னு நெனச்சு எந்திரிச்சேன். சண்டைக்கு இல்ல. இங்க நின்னு அழுவுது. "அண்ணா, என்ன குறைன்னே தெரியல. வர்றவங்க பாத்துப் பிடிச்சுப் போறாங்க, அப்பறம் பேசறதே இல்ல. அப்பன் இல்லாத பொண்ணுங்கண்ணா. நம்ம பழைய மனக்கசப்பெல்லாம் விட்டுருங்க. உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல எடமா இருந்தாச் சொல்லுங்க"ன்னு. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சுங்க. எல்லாத்துக்கும் நேரம் வரோணும்மா, மருதமலைக்குப் போய்ட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பிச்சேன். நான் என்ன அவங்களுக்கு எதிரியா?

இருங்க. இருங்க, இருங்க. வருதுங்களா? மோந்து பாருங்க. சும்மா பாருங்க, வெக்கப்படாதீங்க. வருதில்ல? இதுதாங்க. இதைத்தான் இத்தனை நேரமாச் சொல்லிட்டு இருக்கறேன். சொல்லி வெச்சாப்ல வருது பாருங்க. இப்பத்தான் கீழ பத்த வெச்சிருக்கறா. ஞாயித்துக்கிழமை கூட லீவு கிடையாது இவளுக்கு. நீங்களே சாட்சி. இனி நான் சொன்னேன்னு யாரும் சொல்ல முடியாதில்ல?

என்னுங்க? தாரணி ஊட்டுல இல்லையா? காத்தாலயே டூட்டிக்குப் போயிருச்சா?

அது எப்படிங்க உங்களுக்குத் தெரியும்? நீங்க கீழ போயிட்டா வர்றீங்க? அப்பவே சொல்லியிருக்கலாமில்ல. பொண்ணு ஊட்டை நேராப் பாத்துட்டு அப்பறம் மேல விசாரிக்க வந்தீங்களாக்கும்.

பொண்ணு ஊடு பாக்கப் போகலையா. அப்பறம்?

விசாரிக்கப் போனீங்களா. யாரை விசாரிக்க?

கௌரிசங்கரையா? எந்தக் கௌரி... என்ற பையனையா?

சொல்லவே இல்லீங்களே நீங்க. சரி சரி, நான் விடல. நான்தான் விடல. பொண்ணு உங்க தங்கச்சி மகளா? காலேஜ்ல வேலையா? புரோக்கர் குடுத்த ஜாதகத்துல பத்துக்கு எட்டு பொருந்தியிருக்குதா? அட, சாமி. காப்பி போடறேன் இருங்க, நானே போடறேன். எனக்கு நல்லா வரும். வேண்டாமா? கீழ குடிச்சுட்டீங்களா.

கீழ என்னுங்க சொன்னாங்க? அந்த டீச்சரம்மா வாயில என்ன நல்லது வந்திருக்கப் போகுது. பரவால்ல, சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

நல்ல குடும்பம்னா சொன்னாங்க?

மேல ஊட்டு அண்ணன் கொஞ்சம் சத்தம் போடுவாரு, மனசுல ஒண்ணும் கிடையாதுன்னா? பையன் அமைதி, ருக்மணியக்கா தங்கம், நம்பிப் பொண்ணு குடுக்கலாம்னா? அப்படியா சொல்லுச்சு? அதைக் கேட்டுத்தான் நேரா மேலேறி வந்தீங்களா? எங்களைப் பத்தி நல்லதாச் சொல்ல அவங்க யாருங்க? நான் கேட்டனா? இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் என்னை இந்த நிலைமைக்கு...

ஏனுங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க. பையனைப் பாக்காமப் போனா எப்படி? டேய், கௌரி! வெளிய வாடா. ஃபேன் சத்தத்துல கேக்காதுங்க அவனுக்கு. டேய்! ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்கறாங்க, சீக்கிரம் வா. வர்றான், வர்றான்.

இவன்தானுங்க. இதான் கௌரிசங்கர். பாருங்க, கதவைத் திறந்தா எவ்வளவு புகைன்னு! கண்ணு எரியுது. பாவம், இத்தனை நேரம் இதுக்குள்ள நின்னிருக்கறான். ஏண்டா முழிக்கற? வணக்கம் சொல்லு. உடுமலைக்காரரு. பொண்ணோட தாய்மாமன். கையை எதுக்குடா பின்னால வெச்சுக்கற? முன்னால கொண்டா. கொண்டாடா.

என்னடா அது.

உள்ள போடா நீ. உள்ள போ.

ஏனுங்க, நில்லுங்க. செருப்பு மாட்டறீங்களே. நான் பேசினதெல்லாம் ஃபேனைப் பத்திதானுங்க, அதை மனசுல வெச்சுக்காதீங்க. ஊட்டுக்காரி வந்துடுவா, அவகிட்ட ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க. அவளுக்குப் போன உசுரு திரும்பின மாதிரி இருக்கும். நில்லுங்க, நானும் படி எறங்கி வர்றேன்.

வெளிய போற தடம் அப்படியில்லீங்க. அந்தக் கதவு வேண்டாம், அது அவங்க ஊடு. மறுபடி எதுக்கு அங்க? காப்பிக்கு நன்றி சொல்லவா? இல்லையா? அப்பறம் என்ன சொல்லப் போறீங்க? ஈரோட்டுக்காரங்க ஏன் வரலைன்னா? தாராபுரத்துக்காரங்க ஏன் வரலைன்னா? அந்தம்மாவுக்குத் தெரியோணும்ங்கறீங்களா?

வேண்டாமுங்க. உங்களைக் கும்புட்டுக் கேட்டுக்கறேன். அந்தம்மா என்னை அண்ணான்னு கூப்புடுதுங்க. மணியை அடிக்காதீங்க. நானே ஒரு நாள் எறங்கி வந்து சொல்லிக்கறேன், எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. ஏனுங்க, கையை எடுங்க. அடிக்காதீங்கன்னு சொல்லறேனில்ல.

அடிச்சுப்போட்டீங்களா.